விக்கல் கட்டுரையும் இரண்டாம் மதிப்பாய்வாளரும்

மருத்துவ ஆய்விதழின் மாண்புமிகு ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகம் தங்கள் கையில் இருக்கிறது.

மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் உதவிப் பேராசிரியராகத் தேய்ந்துகொண்டிருப்பவன் நான். ஒரு கட்டுரையாவது அச்சில் வந்தால்தான் பதவி உயர்வு என்பது எங்கள் விதி. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய், இப்போது என் விடுப்பு விண்ணப்பத்தில் அவர்கள்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். நேர்காணல் அடுத்த வாரம். 'தீராத விக்கலுக்கு ஆமோதிப்புச் சிகிச்சை' என்ற என் கட்டுரையோ மறுபடியும் திருத்தச் சொல்லித் திரும்பி வந்துவிட்டது. காரணம், பேர் ஊர் சொல்லாமல் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதும் தங்கள் இரண்டாம் மதிப்பாய்வாளர். அவரை மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சவே இந்தக் கடிதம்.

கட்டுரையில் 'முதியவர் ஒருவர்' என்று நான் எழுதியிருப்பது என் மாமனாரைத்தான். அவரும் எங்கள் துறையில் ஓய்வு பெற்ற டாக்டர்; எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு விக்கல் வந்து, தண்ணீருக்கும் ஊசிக்கும் பயமுறுத்தலுக்கும் மசியாமல் மாதக்கணக்கில் நீடித்தது. ஒருநாள் காலை, கூடத்துக் கடிகாரம்தான் சரி, ஊரில் உள்ள மற்றக் கடிகாரங்கள் எல்லாம் தப்பு என்று விக்கலுக்கு நடுவே வாதாடிக்கொண்டிருந்தார். பேருந்தைத் தவறவிட்ட அலுப்பில் என் மனைவி, "சரிப்பா, நீங்க சொல்றதுதான் சரி" என்றாள். விக்கல் பட்டென்று நின்றது. அதன் பிறகு ஆமோதித்தால் நிற்பதும், மறுத்தால் தொடங்குவதுமாக இருந்தது. இதை உலகுக்குச் சொல்லாமல் விடலாமா? ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். மாமனார் அதிலிருந்த பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தங்கள் முதல் மதிப்பாய்வாளர் தங்கமான மனிதர், ஒரு கால்புள்ளியை மட்டும் நகர்த்தச் சொன்னார். இரண்டாமவர், 'நோயாளி சொன்னது உண்மையிலேயே சரியாக இருந்திருக்கலாம், கட்டுரையாளர் அதைச் சோதிக்கவில்லை' என்று எழுதினார். சோதித்தேன். கடிகாரம் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று தெரிவித்தேன். 'கட்டுரையாளர் பார்த்த விதத்தில் கோளாறு இருக்கலாம்' என்று பதில் வந்தது. கூடவே, 'பிடிவாதக்காரர்' என்பது அறிவியல் சொல் அல்ல, 'கொள்கைப் பிடிப்புள்ளவர்' என்று மாற்றுக என்றும், 'நோயாளியின் தோற்றத்தை வர்ணிக்கையில் அவரது கம்பீரம் விடுபட்டுள்ளது' என்றும் குறிப்பு. ஐயா, விக்கல் கட்டுரையில் கம்பீரத்தை எந்தப் பட்டியலில் போடுவது?

கடைசியாக, பலரை விட்டு நோயாளியின் பேச்சை மறுக்கச் செய்து பார்க்கும்படி கேட்டிருந்தார். மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அறிவியலுக்காகன்னா நான் மாட்டேன்னு சொல்வேனா மாப்பிள்ளை?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனவர், கல்யாணத்தன்று மாமனார் சொன்னதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டு வந்தார். விக்கல் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். சோதனை முடிந்தது என்று நான் சொல்லியும் மாமியார் கேட்கவில்லை. "இன்னும் நிறைய பாக்கி இருக்கு" என்கிறார். குழாய் சரிசெய்ய வந்தவர்தான், வேலையைப் பாதியில் விட்டு, "ஐயா சொல்றது கரெக்ட்டுதாங்க" என்று சொல்லி எங்களைக் காப்பாற்றினார். நன்றியுரையில் அவரைக் குறிப்பிட்டேன். அதற்கும், 'குழாய்க்காரரின் ஆமோதிப்பு மனமார்ந்ததுதானா என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று இரண்டாமவர் எழுதிவிட்டார்.

இது நியாயமா ஐயா? எனக்கு அழுகையே வருகிறது. அந்த மனிதருக்கு விக்கலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது என் தாழ்மையான கருத்து. வேறு யாரிடமாவது கட்டுரையை அனுப்பி, நேர்காணலுக்குள் ஏற்றுக்கொள்ளச் செய்தால், எங்கள் குடும்பமே தங்களுக்குக் கடமைப்பட்டிருக்கும்.

தங்கள் இதழ் தழைக்கட்டும். தங்கள் வீட்டார் தொண்டைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
திருத்தித் திருத்தியே மெலிந்த
தங்கள் கட்டுரையாளன்

பின்குறிப்பு: இதை உறையில் போடப்போகும் சமயம் மாமனார் வந்து முழுவதையும் வாங்கிப் படித்தார்.

"ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே மாப்பிள்ளை, அது தப்பு. விக்கலப் பத்தி எந்தக் கட்டுரை வந்தாலும் அந்த இதழ்க்காரங்க எனக்குத்தான் அனுப்புவாங்க."

"மாமா, நோயாளியே நீங்கதானே. நீங்களே எப்படி மாமா மதிப்பாய்வு பண்ணலாம்?"

"அந்த நோயாளியப் பத்தி என்னவிட வேற யாருக்கு நல்லாத் தெரியும்?"

"இது முறையில்ல மாமா" என்றுதான் சொன்னேன். விக்கல் தொடங்கிவிட்டது. கீழ்வீட்டுக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டது.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துவிடவும். இரண்டாம் மதிப்பாய்வாளர் சொன்னதுதான் சரி. இந்த வரியை அவர் காதில் விழும்படி உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன். விக்கல் நின்றுவிட்டது. இந்த நிகழ்ச்சியையும் கட்டுரையில் சேர்த்து முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டுமாம், நேர்காணலுக்கு அடுத்த வருடம் போய்க்கொள்ளலாமாம். அதுவும் சரிதான்.