பதினான்கு பூஜ்யங்கள்

லிங்கி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பெட்ரிசியாவுக்கு,

அப்பா கேப்ரியல் எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே இரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முட்டி கேட்பதில்லை. அடிலெய்டில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நலம் என்று நம்பி மேலே எழுதுகிறேன். இதைப் பேனாவால் எழுதக் காரணம் உண்டு. பேனா ஒருமுறை எழுதியதைத் தானாகத் திருப்பி எழுதாது.

நம் தோட்டத்துச் சிற்றாலயத்தில் மாதம் இரண்டு ஞாயிறு பூசை நடப்பதும், நான் வாசலில் நின்று தலை எண்ணி நோட்டில் குறிப்பதும் உனக்குத் தெரியும். புதிய பாதர் பிரெண்டன் (வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, எனக்குப் புதியவர்தான்) தாம் வந்த நாள் முதல் உள்ள வருகையை வரைபடத்தோடு அறிக்கையாகக் கேட்டார். சராசரி பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் பூசை டவுன் கோவிலுக்குப் போய்விடும். நமக்கு வேன் அனுப்புவார்களாம். வேனில் நல்ல குளிர்சாதனம் இருக்கிறதாம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூசை முடிந்து எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்குப் பதினைந்து நாளுக்குமான பேச்சு. வேனில் யார் காப்பி போடுவார்கள்?

டிசம்பரில் நீ என் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுப் போன ஏற்பாட்டிலேயே அறிக்கையைச் செய்தேன். எண்கள் ஒரு கோப்பில், வாக்கியங்கள் இன்னொரு கோப்பில். பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே எண்களைப் படித்து, சராசரியை வாக்கியத்துக்குள் நிரப்பி, வரைபடத்தையும் ஒட்டுப் படமாக இல்லாமல் அச்சுக்கோர்க்கும் கட்டளைகளாக எழுதி, அறிக்கையின் அதே எழுத்துருவில் பக்கத்தில் பதித்துவிடுகிறது. "போட்டோ இல்லப்பா, படமும் எழுத்துதான்" என்று நீ சொன்னாய். முப்பத்தாறு வருடம் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, ஒரே எண்ணை நாலு தாளில் எழுதி, நாலிலும் நாலு விதமாக வந்து துரையிடம் திட்டு வாங்கியவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். முதல் நாள் 'பேர்' என்ற சொல்லின் கொம்பு கழன்று தனியே நின்றது. இரண்டாம் நாள் வரைபடம் பக்கத்தைத் தாண்டிப் பாதி வெளியே போய்விட்டது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. சராசரி மட்டும் 9.2 என்று வந்தது. நான் தப்பாகத்தான் செய்திருப்பேன் என்று நோட்டோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். தப்பு இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி பஞ்சாலை அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்தாள். மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவள், நம் பூசைக்கு வருபவள் அல்ல. ஆனால் அவள் வீட்டு வாசல் நம் ஆலயத்தைப் பார்த்தபடி இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து, "என்னா கிராணியண்ணே, அடியில எறும்பு ஊருது?" என்றாள். அவை யாரும் வராத ஞாயிறுகள், நாற்பத்தெட்டில் பதினான்கு, ஆகவே பூஜ்யம் என்று விளக்கினேன்.

"யாரும் வரலியா? எல்லாரும் வெயில்ல நின்னாங்களே, நான் பாத்தேன்லா. செபமாலை சொல்லிட்டுக் கலைஞ்சி போனாங்க. வராத ஆளு சாமியாரு. சைபர் மட்டும் ஒங்களுக்கா?"

என் நோட்டில் கட்டத்தின் தலைப்பு 'பூசைக்கு வந்தோர்'. பூசையே நடக்கவில்லையென்றால் பூசைக்கு வந்தோர் பூஜ்யம்தானே என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தே எழுதினேன். அவள் போன பிறகு, சும்மா பார்ப்போம் என்று அந்தப் பதினான்கையும் அழித்து வெற்றிடமாக விட்டுப் பொத்தானை அழுத்தினேன். எறும்புகள் காணாமல் போயின. வாக்கியத்தில் நான் கை வைக்கவே இல்லை, அதுவே '13' என்று மாறிக்கொண்டது. ஆனால் கோடு பதினான்கு இடங்களில் அறுந்து, பல் போன வாய் மாதிரி நின்றது. காரணம் சொல்லாமல் வரைபடத்தில் இடைவெளி விடக்கூடாது என்பதால் கீழே குறிப்பும் எழுதினேன்: 'இடைவெளி: பாதர் வரவில்லை.'

எழுதிவிட்டு அதைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் சின்னப் பிள்ளை. ஐந்து சிற்றாலயம், ஒரு பழைய கார். பிஷப் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அதனால் குறிப்பை எடுத்துவிட்டேன். வரைபடத்தின் கட்டளைகளைத் திறந்து பதினான்கு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தரைக்கு இறக்கினேன். 13-ஐ 9.2 ஆக்கினேன். எங்களையே குறைத்துக் காட்ட ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. கடைசியில் பாதரின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததைத் திருத்தி, பொத்தானை ஒருமுறை அழுத்தி, புதன்கிழமை அனுப்பிவிட்டேன். இனி வேன்தான். மனதைத் தேற்றிக்கொண்டேன், நீ கவலைப்படாதே.

ஆண்டவர் உன்னையும் மருமகனையும் அந்த ஊர்க் குளிரிலிருந்து காக்கட்டும். பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கேப்ரியல்

பின்குறிப்பு (சனிக்கிழமை): தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதுகிறேன். மேலே உள்ளதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கடைசி அழுத்தலில் நான் கையால் செய்ததெல்லாம் துடைபட்டு, கம்ப்யூட்டர் மறுபடி நான் வெற்றிடமாக விட்டிருந்த எண்கள் கோப்பிலிருந்தே அறிக்கையைச் செய்திருக்கிறது. நான் திறந்து பார்க்காமலேயே அனுப்பியிருக்கிறேன். 13 என்றும் பதினான்கு ஓட்டைகளோடும் போயிருக்கிறது, குறிப்பு மட்டும் இல்லை. நேற்று இரவு பாதரே போனில் கூப்பிட்டார். நான் நின்றுகொண்டே பேசினேன். "ஐயா, அந்த ஓட்டையெல்லாம் நான்தானே" என்றார். ஆமாம் என்று சொல்ல முடியாமல் இருமினேன். பூசை இங்கேயே நடக்குமாம், நாளைக்கும் வருகிறாராம். இனிமேல் தாம் வராத நாளில் கட்டத்தை வெறுமனே விடாமல் தம் பெயரை எழுதச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிறுதோறும் நீ போன் செய்யும் நிமிடங்களையும் நான் ஒரு கோப்பில் குறித்து வருகிறேன், உன்னிடம் சொன்னதில்லை. நீ கூப்பிடாத வாரங்களுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன். இன்று காலை அவற்றையும் வெற்றிடமாக மாற்றிவிட்டேன். உன் சராசரி நன்றாக ஏறியிருக்கிறது, அம்மா.