முயல் கண்ணும் என் கண்ணும்

தான் செய்த மருந்தின் மேல் ஒருவருக்கு வரும் நம்பிக்கை, தான் பெற்ற பிள்ளையின் மேல் வரும் நம்பிக்கையைவிட ஆபத்தானது. பிள்ளை தப்புப் பண்ணினால் பக்கத்து வீட்டுக்காரராவது வந்து சொல்லிவிட்டுப் போவார். மருந்து செய்யும் தப்பை மருந்தேதான் வந்து சொல்ல வேண்டும். என்னுடைய மருந்து அதை, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சொன்னது.

அறுபதுகளின் தொடக்கம். நான் மதராஸில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் திருப்புல்லாணி. எங்கள் அய்யாவுக்குக் கொஞ்சம் வயல், கொஞ்சம் மிளகாய்க் கொல்லை. பெண்ணை மதராஸ் வரை படிக்க அனுப்பியதற்காக உறவில் பாதிப் பேர் அவரிடம் பேசுவதில்லை. (மீதிப் பாதிப் பேர் பேசினார்கள். அவர்களும் பேசாமல் இருந்திருக்கலாம்.)

என் ஆராய்ச்சி கண்ணைப் பற்றியது. கண்ணுக்குள் இருக்கும் தசைகளில் ஏற்பிகள் என்று மிக நுண்ணிய இடங்கள் உண்டு. நரம்பிலிருந்து வரும் ரசாயனம் அங்கே போய்ப் பொருந்தினால்தான் தசை சுருங்கும். கண்ணின் பாவை சிறுக்கும். கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியும். மருத்துவர்கள் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் பாவையை விரிக்க வேண்டும். அதற்கு அட்ரோபின் விடுவார்கள். அது அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்ளும்; அடைத்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குப் பாதிப்பு போகாது. அட்ரோபினைப் போலவே போய்ப் பொருந்த வேண்டும், ஆனால் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அப்படி ஒரு சின்ன மூலக்கூறை வடிவமைப்பது என் வேலை.

இங்கே ஒரு கார்பனை எடுத்து, அங்கே ஒரு வளையத்தை ஒட்டி, பல தோல்விகளுக்குப் பிறகு ஒன்று தேறியது. முயலின் கண்ணில் விட்டேன். பாவை அழகாக விரிந்தது. ஒரு மணி நேரத்தில் அழகாகச் சுருங்கியது. முயல் என்னை மரியாதையோடு பார்த்தது போலக்கூட இருந்தது.

"அடுத்தது பூனை. மனுஷங்க எல்லாம் அப்புறம்" என்றார் என் பேராசிரியர்.

பூனை வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதற்குள் ஊரிலிருந்து தகவலும் வந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், புறப்பட்டு வா. சனிக்கிழமை ரயிலேறும் முன் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். மருந்துக் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டேன். செங்கல்பட்டு வருவதற்குள் கண் சரியாகிவிடும் என்பது என் கணக்கு.

செங்கல்பட்டு வந்தது. விழுப்புரம் வந்தது. மறுநாள் மானாமதுரையும் வந்தது. கண் மட்டும் வரவில்லை.

ராமநாதபுரத்தில் இறங்கியதும் வெயில் அந்தக் கண்ணுக்குள் நேராகப் புகுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டே பஸ் ஏறினேன். கண்டக்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு ஊர் வரும்வரை என் பக்கமே வரவில்லை.

வீட்டில் அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, ஒரு கண்ணு மட்டும் என்ன ஆந்தக் கண்ணாட்டம் இருக்கு?"

"மருந்து விட்டேம்மா. ஒரு மணி நேரத்துல சரியாயிரும்."

"நீ வந்தே ஒரு மணி நேரமாச்சு."

கண்ணாடி முன்னால் போய் நின்றேன். ஒன்று பெரிய கண், ஒன்று சின்னக் கண். இந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண் அழுதிருப்பாள். நான் ஆராய்ச்சி மாணவி ஆயிற்றே, யோசித்தேன். பெரியதைச் சின்னதாக்க என்னிடம் வழியில்லை. சின்னதைப் பெரியதாக்கும் மருந்தோ பையிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? இடது கண்ணிலும் ஒரு சொட்டு விட்டேன். அந்த நிமிடம் என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

உத்தரகோசமங்கையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா. மாப்பிள்ளை விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டுச் சொந்தக் கொல்லையில் மிளகாய் போடுகிறவர் என்று அய்யா சொல்லியிருந்தார். சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அவர் திறந்த வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து வந்த வெயிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆள் அளவுக்கு ஒரு கறுப்பு.

காபித் தட்டை நான் தூணிடம் நீட்டினேன் என்று அம்மா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அபாண்டம். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் நீட்டினேன். அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கண்ணு ரெண்டும் எம்புட்டு கறுப்பா, பெருசா இருக்கு."

அம்மா இருமினாள்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் புட்டியை எடுத்தார். "மருந்து கண்டுபிடிக்கிற படிப்பாமே. எனக்கு அஜீரணத்துக்கு இதக் குடுத்திருக்காக. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுத்தா, கேப்போம்."

வாங்கினேன். எழுத்துகள் எல்லாம் தண்ணீரில் விழுந்த எறும்புகள் மாதிரி இருந்தன. கையைத் தள்ளி நீட்டிப் பார்த்தேன். இன்னும் நீட்டினேன். அதற்கு மேல் கை இல்லை.

"மிக்ஸ்சர்" என்றேன், ஒரு தைரியத்தில்.

"அது மாத்திரை" என்றார் பெரியப்பா. அய்யா பக்கம் திரும்பினார். "எம்மெஸ்ஸி படிச்ச பொண்ணுன்னீக. எழுத்துக் கூட்டத் தெரியலையே."

அய்யா தலை குனிந்தார். எனக்காக உறவில் பாதியை இழந்த மனிதர், ஒரு மாத்திரைப் புட்டியின் முன்னால் தலை குனிந்ததை என்னால் தாங்க முடியவில்லை. (அவர் தலை குனிந்தது மட்டும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.) நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் செய்த மருந்து, நானே விட்டுக்கொண்டேன், அதனால் கிட்டத்தில் எழுத்து தெரியவில்லை.

"என்ன மாதிரி மருந்து?" என்றார் பெரியப்பா.

"அட்ரோபின் வகை. ஊமத்தைல இருக்குமே, அந்த மாதிரி."

உண்மையைச் சொல்லும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஊமத்தையத் தன் கண்ணுல தானே ஊத்திக்கிற பொண்ணு. நாளைக்கு நம்ம கொழம்புல என்னத்த ஊத்துமோ. கெளம்புங்க."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருக்கவில்லை. "நீ சொல்லுத்தா. கண்ணுக்குள்ள என்ன பண்ணுது அது?"

"பஸ்ல சீட்டுல துண்டு போட்டு எடம் பிடிப்பாங்கள்ல? அது மாதிரி இந்த மருந்து போய் எடம் பிடிச்சுக்கிரும். உட்கார வேண்டிய ஆளு நின்னுக்கிட்டே வரணும். ஒரு மணி நேரத்துல என் மருந்து எந்திரிக்கணும்."

"எந்திரிக்கலையாக்கும்."

"இல்ல."

"இத நாளப்பின்ன ஊருச் சனத்துக்கு விடுவீகளா?"

"சரியா வந்தா."

பெரியப்பா கணவரின் அண்ணன் ஆயிற்றே, அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அடுத்தவுக கண்ணுல விடுறதுக்கு முன்னாடி தன் கண்ணுல விட்டுப் பாத்திருக்கு. இந்தப் பிள்ள வைக்கிற கொழம்ப நான் பயப்படாமத் தின்பேன். நீங்க வேணும்னா மொதல்ல அதையே ருசி பாக்கச் சொல்லிட்டுத் தின்னுங்க."

பெரியப்பா உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தக் கறுப்பு முதல்முறையாகப் பேசியது.

"ஒண்ணு கேக்கலாமா? ரெண்டு கண்ணுலயும் ஏன் விட்டீங்க? ஒண்ண ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கலாமே. நான் புது உரம் போட்டாலும் பாதிக் கொல்லைக்குத்தான் போடுவேன்."

என் பேராசிரியர் கேட்க வேண்டிய கேள்வி அது. மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அம்மா சமையலறையில் கேட்டபோது, பிடித்திருக்கிறது என்றேன். முகத்தைப் பார்த்தாயா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதராஸ் திரும்பியதும் பேராசிரியர் என் கண்ணைப் பார்த்தார்; விளக்கம் கேட்கவில்லை, கொடுத்தார். சில முயல்களின் ரத்தத்தில் அட்ரோபின் வகை மருந்துகளை உடைத்துப் போடும் ஒரு நொதி இருக்கிறதாம். அதுகள் விஷச் செடியின் இலையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்குமாம். என் மருந்து தானாகக் கிளம்பவில்லை. முயல்தான் அதைத் துரத்தியிருக்கிறது. மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பிறகு நான் செய்த எந்த மூலக்கூறும் பூனையைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்ததில்லை. அவற்றில் ஒன்று சொன்ன நேரத்தில் கிளம்பவும் செய்தது.

கண் தெளிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மாப்பிள்ளையின் முகத்தை நிச்சயதார்த்தத்தன்றுதான் பார்த்தேன். கறுப்பாகத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் குட்டை. அவர் கடைசிவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "கண்ணு தெரியாத நேரமாப் பாத்துச் சம்மதம் வாங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும், "கண்ணுல எதுவும் விட்டுக்கலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. போன மாதம் பேத்தியிடமும் கேட்டார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பத்தா, அந்த மருந்து ஒரு சொட்டு இருந்தாக் குடுங்க. இதுவரைக்கும் வந்தவுக எல்லாரும் எனக்குத் தெளிவாத் தெரிஞ்சு தொலைக்கிறாக."