பதினோராவது அடி

சமதளம் என்ற ஒன்றே இல்லாத நாடு ஒன்று இருந்தது. ஏறுமலை என்று பெயர். அங்கே ஒருவன் கையிலிருந்த கிழங்கைத் தவறவிட்டால் கீழ்த்தெருக்காரன் அதைக் குழம்பு வைத்துவிடுவான். வீடுகள் மேலே, கிணறுகள் கீழே, கோயில் எல்லாவற்றுக்கும் மேலே. யாரை விசாரித்தாலும் தெருவைச் சொல்ல மாட்டார்கள், எத்தனையாவது படி என்றுதான் சொல்வார்கள். நாட்டில் தட்டையாக இருந்தது ஒரே ஓர் இடம், அரண்மனைக் கல் முற்றம். மன்னர் நிமிர்ந்தசேனரின் பாட்டனார் மலையை வெட்டிப் போட்டது அது. சாதாரண ஜனங்களுக்கு அங்கே வேலை இல்லை.

அந்த நாட்டில் வீரணன் உப்பு மூட்டை சுமந்தான். நாற்பது வருஷம் சுமந்தான். ஒரு நாள் காலையில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தபோது இடது கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது. மூட்டை உருண்டு போய் யாரோ ஒருவர் வீட்டு முருங்கை மரத்தில் மோதி நின்றது. வீரணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கவாதம். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நடைச்சாலையில் சேர்த்தார்கள்.

நடைச்சாலை என்பது கை கால் விழுந்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுக்கும் இடம். அங்காயி என்ற பெண்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டாள். அகலமான தோள், அதைவிட அகலமான வாய். முதல் நாள் அவள் வீரணனின் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் எதையோ வைத்தாள்.

"என்ன இருக்குன்னு சொல்லுண்ணே."

"ஒண்ணும் இல்ல."

"புளியங்கொட்டை இருக்கு. சரி, அந்தக் கை இன்னும் தூங்குது. உக்காரு. இப்ப முதுகுல லேசாத் தள்ளுவேன், விழாம இருக்கியா பாப்போம்."

"தள்ளத்தான் இங்க சோறு போடறாங்களா உனக்கு?"

"ஆமா. ஏச வாய் வருதுல்ல, பொழச்சிக்குவ." பிறகு அவள் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள்: "வீட்டுக்குப் போனா மொதல்ல என்ன செய்யணும் உனக்கு?"

வந்தவர் எல்லாரிடமும் அவள் அதைத்தான் கேட்பாள். ஒருத்தி தன் தலையைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும் என்பாள். ஒருவன் மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்பான். வீரணன் சொன்னான்: "அறுபத்து மூணு படி ஏறணும். என் வீட்டு வாசல்ல நின்னு, கீழ போறவன எல்லாம் பேர் சொல்லி ஏசணும்."

"நல்ல வேலைதான். ஏறிருவோம்."

நடைச்சாலையின் பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு, பழகுவதற்கென்றே கட்டியது. யார் அன்றைக்கு எந்தப் படி வரை ஏறினாரோ அந்தப் படியில் அங்காயி கரித்துண்டால் அவர் பேரை எழுதுவாள். மறுநாள் அதைத் தாண்டினால் பழையதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு மேலே எழுதுவாள். கீழ்ப்படியில் கிடப்பவனை மேல்படிக்காரன் கேலி செய்வான். "என்ன வீரணா, இன்னும் மூணாம் படியில குடும்பம் நடத்துறியா" என்பான். அந்தக் கேலிக்காகவே வீரணன் நாலாம் படி ஏறினான். சாயங்காலம் கஞ்சியை அவரவர் பேர் எழுதிய படியில் உட்கார்ந்துதான் குடிப்பார்கள். பின்னாளில் எத்தனையோ மறந்த பிறகும் வீரணனுக்கு அந்தக் கஞ்சியின் சூடும், பிட்டத்துக்கடியில் கல்லின் குளிர்ச்சியும், மேலே எவனோ சிரிக்கிற சத்தமும் மறக்கவில்லை. அவன் பேர் பத்தொன்பதாம் படி வரை போயிற்று.

அப்போதுதான் பக்கத்து நாட்டுத் தூதன் வந்தான். விருந்தில் பேச்சுவாக்கில், எங்கள் நாட்டில் பக்கவாதக்காரர்கள் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் தேறியிருக்கிறார்கள் என்றான். நிமிர்ந்தசேனர் தம் அளவை அமைச்சரைப் பார்த்தார். அளவுடையார் என்பது அவர் பட்டம்.

"நம்முடையது எத்தனை?"

"பிரபு, நம்மிடம் கரித்துண்டுதான் இருக்கிறது."

மன்னருக்கு அந்த இரவுச் சோறு இறங்கவில்லை என்றார்கள். மறு வாரம் முதல் ஆணை வந்தது. நடைச்சாலையில் பத்து அடி நீளத்துக்குப் பளிங்கு பதித்தார்கள். இந்தக் கோடியில் ஒரு முக்காலி, அந்தக் கோடியில் ஒரு கோடு. முக்காலியிலிருந்து எழுந்து, பத்து அடி நடந்து, கோட்டில் திரும்பி வந்து உட்கார வேண்டும். மணற்கடிகாரம் தீர்வதற்குள் உட்கார்ந்தால் நூற்றுக்கு நூறு.

அங்காயி பளிங்கைத் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. இந்த மாதிரித் தரை இந்த நாட்டுல யார் வீட்டுல இருக்குங்க?"

"அளவை என்பது எல்லா இடத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும், அம்மணி. எங்கும் இல்லாத தரைதான் எல்லாருக்கும் பொதுவான தரை" என்றார் அளவுடையார். கூட வந்த அதிகாரிகள் வலது கையால் தொடையைத் தட்டி ஆமோதித்தார்கள். அந்த வருஷம் மன்னர் இடது கையை அங்கிக்குள் செருகிக்கொள்ளும் புது வழக்கத்தைத் தொடங்கியிருந்தார். அரண்மனையில் எல்லாரும் அப்படியே செருகிக்கொண்டார்கள்.

எண் வந்தது. முப்பத்தொன்று. பக்கத்து நாட்டுக்கு அனுப்ப முடியாத எண். காரணத்தை ஆராய்ந்ததில், நோயாளிகள் படி ஏறியும் புளியங்கொட்டை பிடித்தும் காலத்தை விரயம் செய்வது தெரியவந்ததாம். இரண்டாம் ஆணை: பளிங்கில் நடப்பதைத் தவிர வேறு எந்தப் பயிற்சியும் கூடாது. பின்படிக்கட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பத்தொன்பதாம் படியில் சுண்ணாம்பு மட்டை ஓடியபோது வீரணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒரே இழுப்பில் பேர் போய்விட்டது. அங்காயியின் கரித்துண்டை ஒரு காவலன் ரசீது எழுதிக்கொடுத்து வாங்கிக்கொண்டான்.

கோட்டில் திரும்பும்போது பலர் தடுமாறி அந்தப் பக்கம் விழுந்தார்கள். எண் மறுபடி இறங்கியது. மூன்றாம் ஆணை: கோட்டுக்கு அப்பால் விழுவது விழுவதாகாது.

"இடுப்பு ஒடஞ்சு கெடக்காருங்க" என்றாள் அங்காயி.

"எங்கே கிடக்கிறார்?"

"இந்தா, உங்க காலுக்கிட்ட."

அளவுடையார் குனிந்து கோட்டைப் பார்த்தார். "அது பதினோராவது அடி. பதினோராவது அடி நம் ஆட்சி எல்லையில் இல்லை."

நாலாவது ஆணைதான் வீரணனைக் குடைந்தது. நூறு வாங்கியவர் அன்றே பூரண குணமடைந்தவர், பொழுது சாய்வதற்குள் வீடு போய்விட வேண்டும். நாற்பது நாளில் நூறு வாங்காதவர் நோயாளி அல்லர், சோம்பேறி, அவரும் போய்விட வேண்டும். வாங்கினாலும் வாசல், வாங்காவிட்டாலும் வாசல். அவனுக்கு வேண்டியது இன்னும் நாற்பத்து நாலு படி. பளிங்கில் நடக்க அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது. முப்பத்தொன்பது நாள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தான். ஆள் இல்லாத நேரத்தில் பளிங்கின் விளிம்பில் ஒரு காலை ஏற்றி இறக்கிப் பார்த்தான். நாலு விரல் உயரம். அவனுக்கு மிஞ்சியிருந்த படி அதுதான்.

நாற்பதாம் நாள் அங்காயி அவன் காதில் சொன்னாள்: "சோம்பேறின்னு போனா அப்படியே எழுதிக் கழுத்துல பட்டை மாட்டி விடுவானுங்க. குணமாயிட்டேன்னு போயிருண்ணே."

"குணமாகலையே."

"அது எனக்கும் ஒனக்கும் தெரியும். போதாதா?"

நடந்தான். நூறு. கழுத்தில் மாலை போட்டு, பல்லக்கில் வைத்துக் கொண்டுவந்து, அறுபத்து மூன்று படிகளின் அடியில் இறக்கிவிட்டார்கள். பல்லக்குக்காரனை அவன் கேட்டான்: "மேல வரைக்கும் தூக்கி விட்டுருப்பா."

"தூக்கலாம் பெரியவரே. ஆனா நூறு வாங்குனவங்கள யாரும் தாங்கக் கூடாதுன்னு நேத்து ஆணை. தாங்குனா அளவையச் சந்தேகப்பட்ட மாதிரியாம். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

அவன் மனைவி செவத்தி மேலே வாசலில் நின்றாள். அவளுக்கும் முழங்கால் சரியில்லை. ஒரு கையில் கஞ்சிக் கலயம், ஒரு கையில் சுவர், இறங்கி வந்தாள். படியில் அவனையும் மாலையையும் பார்த்தாள்.

"கொணமாயிட்டயாமே. தமுக்கடிச்சாங்க."

"ஆமா. நூத்துக்கு நூறு."

"அப்ப மேல வா."

பத்தொன்பது படி ஏறிய கால், பழக்கம் விட்டுப்போய், முதல் படிக்கு மேல் ஏறவில்லை. அவள் கலயத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவன் குடித்தனம் முதல் படியில். அந்தத் தெருவில் ஒவ்வொரு படிக்கட்டின் அடியிலும் பூரண குணமடைந்தவர் ஒருவர் மாலையோடு கிடந்தார்.

எண் தொண்ணூற்றெட்டு ஆயிற்று. முழுமை விழா வைத்தார்கள். பக்கத்து நாட்டுத் தூதன் முன்வரிசையில். முற்றத்தின் ஒரு கோடியில் வீரணனோடு குணமடைந்த முந்நூறு பேர், பல்லக்கில் வந்திறங்கி, முக்காலிகளில், மறு கோடியில் மூன்று படி மேடையில் சிம்மாசனம். இடைவெளி நாற்பது அடி. அவர்கள் நடந்து வர, மன்னர் எதிர்கொண்டு பதக்கம் அணிவிப்பார் என்பது ஏற்பாடு. சிம்மாசனத்துக்கு முன்னால் மேடைப் படிகளை மறைத்துப் பளிங்கில் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் அப்படி.

கொம்பு ஊதியது. முந்நூறு பேர் எழுந்தார்கள், பத்து அடி நடந்தார்கள், திரும்பினார்கள், போய் முக்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மறுபடி கொம்பு. மறுபடி பத்து அடி, மறுபடி முக்காலி. தூதன் வாயைப் பொத்திக்கொண்டான்.

மன்னர் கோபத்தோடு எழுந்தார். இறங்கி வந்தார். அழகாகத்தான் நடந்தார். வீரணன் கண் அவர் இடது காலிலேயே இருந்தது. பாதம் எப்படிப் பதிகிறது, முட்டி எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று பார்த்தான். பத்தாவது அடியில் மன்னர் நின்றார். அந்த இடம் வரைதான் பளிங்கு. பிறகு கரடான கல். நகரவில்லை. திரும்பவுமில்லை, முதுகுப்பக்கம் சரிவு ஏற்றமாக இருந்தது. அங்கிக்குள்ளிருந்து இடது கை நழுவி வெளியே தொங்கியது.

"அடப்பாவி" என்றான் வீரணன். "அவருக்கும் விழுந்துருச்சுடா."

யாரும் கிட்டே போகவில்லை. அளவுடையார் கணக்கில் மன்னரும் நூறு வாங்கியவர். தாங்கினால் குற்றம். அளவுடையார் முன்னால் வந்து அறிவித்தார்: "மன்னர் நிற்கிறார். நிற்பது திருவுளம்." கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. சிம்மாசனம் காலியாக இருப்பது சரியா என்று ஓர் அதிகாரி கேட்டார். அளவுடையார் அதை முறைப்படி அளந்தார். ஆடவில்லை, சாயவில்லை, விழவில்லை. நூற்றுக்கு நூறு. இனி ஆணைகள் அதன் பெயரிலேயே வரலாம் என்று எழுதிக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அங்காயி மட்டும் நேரே நடந்து போய் மன்னரின் முழங்கையைப் பிடித்தாள். அவளை வேலையிலிருந்து எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, போக வேறொன்றும் இல்லை.

"பயப்படாதீங்கய்யா. எடையை இந்தக் கால்ல வையுங்க. எத்தன நாளா இப்படி?"

"ஒரு வருஷம்" என்றார் மன்னர், மெதுவாக. "அந்தப் பின்படிக்கட்டு... இப்போதும் இருக்கிறதா?"

"இருக்கு. வெள்ளையாக் கெடக்கு."

"எனக்கும் ஒரு படியில் பேர் எழுதுவாயா?"

"எழுதலாம். அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும், எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். மேல ஏறிப் போயி உக்காந்தா, மொதல்ல என்ன செய்யணும் ஒங்களுக்கு?"

மன்னர் சிம்மாசனத்தைத் திரும்பிப் பார்க்க முயன்றார். நெடுநேரம் யோசித்தார்.

முக்காலியில் இருந்த வீரணன் குரல் கொடுத்தான்: "அவரு யோசிக்கட்டும் அங்காயி. எனக்குப் பதில் ரெடியா இருக்கு. நீ வா."

அவள் மன்னரின் கையில் ஒரு கொடிக்கம்பத்தைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே செவத்தியின் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு இறங்கி வந்தது. ஒரு பக்கம் அங்காயி, முன்னால் ஒரு படி மேலே செவத்தி. இரண்டாம் படியில் வீரணன் பேர் ஏறியது. சட்டப்படி அது குற்றம். ஆனால் படிக்கட்டு ஆட்சி எல்லைக்கு வெளியே பதினோராவது அடியில்தானே இருக்கிறது, யார் வந்து கேட்பது. பக்கத்துப் படிக்கட்டில் கிடந்தவன் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, எனக்கும் எழுது என்றான். கொஞ்ச நாளில் அந்தத் தெருவே கரியாகிவிட்டது. மேலேயும் கீழேயும் ஒருவரை ஒருவர் கேலி பேசுகிற சத்தம் பழையபடி கேட்டது.

இப்போது வீரணன் பேர் ஐம்பத்தெட்டாம் படியில் இருக்கிறது. வாசல் வரை பொறுக்க முடியாமல் அங்கிருந்தே கீழே போகிறவர்களைப் பேர் சொல்லி ஏசத் தொடங்கிவிட்டான். சிம்மாசனம் மாதம் தவறாமல் நூறு வாங்குகிறது.

மன்னர் முற்றத்தில்தான் நிற்கிறார். அங்காயி வாரம் ஒருமுறை போய்க் கேட்கிறாள். இன்னும் யோசிக்கிறாராம்.