பொம்மைக்குக் கண் திறந்த நாள்

துணியில் கரி. பொம்மையின் இடது கண் வெள்ளை. சந்தனத்துக்கு முழங்காலோடு சேர்ந்து மனசும் வலித்தது.

சூரியநெல்லி எஸ்டேட் பங்களாவில் அவர் பட்லர் வேலை பார்க்கும் கடைசி நாள் அது. சாயங்காலம் ஜீப்பில் போடிக்கு இறங்கினால், மகள் வீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடலாம். பங்களாத் துரையம்மா அவரை அனுப்ப அரைமனசாகத்தான் சம்மதித்திருந்தாள். இந்த நேரம் பார்த்து, அவள் தம்பி ஜப்பானிலிருந்து அனுப்பி நேற்றுத்தான் வந்து சேர்ந்த, கைகால் இல்லாத சிவப்புப் பொம்மையின் கண்ணைத் துடைத்துத் தொலைத்துவிட்டோமே என்று தவித்தார்.

"அது அடுப்புத் துணியில்ல?" என்றாள் மனைவி வேலுத்தாய்.

"எதுன்னா என்ன, கண்ணு போச்சுல்ல. மையக் கொண்டா."

"எங்க ஊருல சாமி சிலைக்குக் கண்ணு தெறக்கையில ஆசாரி எதுக்க நிக்கமாட்டாரு. மொதப் பார்வை கண்ணாடி மேலதான் விழணும்."

"இது பொம்ம, வேலு."

"ஊருக்குக் கெளம்புற நேரத்துல எதுக்கு வம்பு?"

வாதாடத் தெம்பில்லை. வேலுத்தாய் எதிரே கண்ணாடியைப் பிடித்தாள். சந்தனம் பொம்மைக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்தபடி கையை வளைத்து மை வைத்தார். கன்னத்தில் விழுந்தது. துடைத்தார், கன்னத்துச் சாயமும் கூடவே வந்தது. அந்த இடத்தில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினார். மறுபடி மை வைக்கப்போனால் பொம்மை ஆடியது. அடிப்பக்கம் கனம், படுக்க வைத்தாலும் எழுந்து உட்கார்ந்தது.

"ஒங்கள மாதிரியேதான். அம்மா மணி அடிச்சா நீங்களும் இப்பிடித்தான் எந்திரிப்பீக."

ஒருவழியாக வைத்த கண் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. சமமாக இருக்கட்டுமென்று மற்றதையும் பெரிதாக்கினார். பொம்மை இருவரையும் முறைத்தது.

வாசலில் துரையம்மா வந்து இறங்கும் ஜீப் சத்தம். சந்தனம் பொம்மையைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் ஒதுங்கினார். கூடத்தில் துரையம்மா விசும்புவது கேட்டது.

டிரைவர் பவுல்ராஜ், காலையிலேயே ஜீப்பில் ஏற்றியிருந்த சந்தனத்தின் தகரப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏன்ப்பா எறக்குற? அம்மாவுக்கு ரொம்பக் கோவமா?"

"சந்தோசத்துல அழுறாக அண்ணாச்சி. ஜப்பான்ல இந்தப் பொம்மைக்கு வேண்டிக்கிட்டு ஒரு கண்ணு வைப்பாகளாம், பலிச்சாத்தான் மறு கண்ணாம். நீங்க ஊருக்குப் போகக்கூடாதுன்னு அம்மா நேத்து ஒண்ணு மட்டும் வெச்சு, மத்தத வெள்ளையாவே விட்டிருந்தாகளாம். இன்னைக்கு நீங்களே மத்ததையும் வெச்சு, போகலைன்னு சொல்லிட்டீகளாமே."