ஓல்சன் தேடுகிறார்

"ஓல்சன் உன்னைத் தேடுறாருடா," என்றான் அறைத்தோழன் டாரியன், பல் துலக்கியபடியே.

லமாண்ட் பிக்கெட் கையிலிருந்த காலுறையைக் கீழே போட்டான். இன்று அணியில் ஆள் குறைக்கும் நாள்; இந்த நாளில் அணி அலுவலகத்து ஓல்சன் ஒருவனைத் தேடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோளில் கை வைப்பார், "கோச் கூப்பிடுறார்" என்பார், மத்தியானம் மூட்டையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

கல்லூரி முடித்த வருடம் அணிகளெல்லாம் ஆள் பொறுக்கியபோது லமாண்டின் பெயரை யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று கெஞ்சி உள்ளே வந்தவன். அமெரிக்கக் கால்பந்தின் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலை மலையான ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுவது அவன் தொழில். இந்த ஒகையோ அணி அவனை நீக்கும். யாருக்காவது கால் உடைந்தால் திரும்பக் கூப்பிடும். அந்தக் கால் கூடியதும் மறுபடி நீக்கும். ஒவ்வொரு தடவையும் வந்து சொல்வது ஓல்சன்தான். லமாண்டுக்கு அலுத்துவிட்டது.

"நான் இல்லன்னு சொல்லிடு."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"சாயங்காலம் வரைக்கும். அதுக்குள்ள நீக்கலேன்னா நான் அணியில இருக்கேன்னு அர்த்தம்."

போய், வீரர்கள் உடல்வலிக்கு முங்கும் ஐஸ் தொட்டியில் கழுத்துவரை ஒளிந்து உட்கார்ந்தான். மருத்துவ உதவியாளர் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, இவ்வளவு நேரமா? முட்டியில அடியா?"

அடிபட்டவனை இன்னும் சீக்கிரம் அனுப்புவார்கள். "ஐயோ, முட்டி கல்லு மாதிரி இருக்கு சார்!" என்று துள்ளி எழுந்தவன், விறைத்த காலோடு வழுக்கி விழுந்து நிஜமாகவே முட்டியை இடித்துக்கொண்டான்.

நொண்டியபடி சலவை அறைக்கு ஓடி, அழுக்குத் துண்டு வண்டிக்குள் ஒளிந்தான். சலவை பார்க்கும் பெர்னிஸ் அம்மா, பயிற்சி நடக்கும் மைதானத்தில் கிடக்கும் துண்டுகளையும் அள்ளிவர, வண்டியை நேரே அங்கேயே தள்ளிக்கொண்டு போனார்.

"ஈரத்துண்டு கனக்கும்தான், அதுக்குன்னு இப்படியா?" என்று கிளறிப் பார்த்தார். "அடப்பாவி! எந்திரி தம்பி. உன்னைக் காணோம்னு கோச் கத்திட்டிருக்காரு."

கோச் பார்த்துவிட்டார். "துண்டுக்குள்ள தூங்குறியா? அவன்கிட்ட பந்தைக் குடுங்கடா!"

பந்து கைக்கு வந்த அதே நேரம், எல்லைக்கோட்டருகே ஓல்சன் கை ஆட்டினார். "லமாண்ட்! ஒரு நிமிஷம்!"

லமாண்ட் ஓடினான். ஒருவனை முட்டித் தள்ளினான், இன்னொருவனைத் தாண்டிக் குதித்தான், கடைசிக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வேலி ஏறி வண்டி நிறுத்துமிடம் வரை ஓடினான். பின்னால் விசிலும் கைதட்டலும் கேட்டன. "யாருடா இவன்! இத்தனை நாளா இந்த ஓட்டத்தை எங்க வச்சிருந்தான்?" என்று கோச் அலறினார்.

ஒரு காரில் சாய்ந்து சரிந்தான். இனி ஓடத் தெம்பில்லை. ஓல்சன் நிதானமாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சரி சார், முடிச்சிடுங்க. கோச் கூப்பிடுறார், அதானே?"

"கூப்பிட்டார்தான் தம்பி, ஆனா என்னை. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இத்தனை வருஷத்துல இங்க நான் அதிகமா பேசின ஆளு நீதான், அதான் உன்கிட்டயாவது சொல்லிட்டுப் போகலாம்னு காலையிலேர்ந்து தேடுறேன்."