லோகேஸ்வரன் தன் முதுகை வெல்லப் புறப்பட்ட வெள்ளிக்கிழமை

தம்போய்த் தாமான் என்னும் குடியிருப்பின் கோடி வீட்டுக்கு உரியவனும், பாசிர் கூடாங் முதல் சிகாமட் வரை பெட்ரோல் வெள்ளத்தை முதுகுக்குப் பின்னே சுமந்தபடி இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கீறலும் இன்றி டேங்கர் லோரி செலுத்திய தேர்ப்பாகனும், கண்ணாடி அணிந்தால் கழுகுப் பார்வையும் அணியாவிட்டால் வெறும் பார்வையும் உடையவனும், அகன்ற மார்பும் அதனினும் அகன்ற முதுகும் வாய்க்கப்பெற்றவனுமாகிய லோகேஸ்வரன் வாழ்க! அவனது வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, மூன்று விரல் அகலத்தில் அரியணை இட்டு அமர்ந்திருந்த வலியும், அது இன்றேல் இக்கதை இல்லையாதலால், ஒருமுறை வாழ்க!

அவ்வலி வந்த வரலாறு சொல்வோம். புதன்கிழமை மாலை ஒரு புதிய வாஷிங் மெஷின் வந்திறங்கியது. கொண்டுவந்தவர்கள் அதை வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கிப் போயினர். மலை போல் நின்ற அதன் முன் மடித்துக் கட்டிய கைலியோடு நின்ற மன்னனிடம் மனைவி வாசுகி சொன்னாள்:

“தனியா தூக்காதீங்க. எதிர்வீட்டு மனோகரன் அண்ணன் ஆறு மணிக்கு வேல முடிஞ்சி வந்துருவாரு.”

பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் கேட்க லோகேஸ்வரன் முழங்கினான்:

“இந்தப் பெட்டிக்கு மனோகரனா? என் லோரிய தூக்கணும்னா கூப்பிடு லா!”

தூக்கினான். நடந்தான். அடுப்படியின் முதற்படியை வென்றான். இரண்டாம் படியில் அவன் முதுகுக்குள் ஏதோ ஒன்று ‘டக்’கென்றது. ஆயினும் முகத்தில் ஒரு மயிரிழையும் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று கேட்பீராயின், அவன் அஞ்சியது வலியை அன்று. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்னும் மூன்று சொற்களை.

அம்மூன்று சொற்கள் அவனை முன்னரும் வீழ்த்தியிருந்தன. மெர்சிங் படகுத்துறையில், கடல் வற்றினால் படகு போகாது, சீக்கிரம் கிளம்புங்கள் என்று வாசுகி சொல்லியும் வழியில் நாசி லெமாக் உண்ண அமர்ந்து, சேறு தெரியும் கரையில் ஆறு மணி நேரம் நின்றபோது ஒருமுறை. தங்காக்கில், அளவு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியும் கண்ணாலேயே அளந்து வாங்கிய திரைச்சீலைகள் ஜன்னலின் பாதியோடு நின்றுவிட்டபோது ஒருமுறை. அத்திரைகள் இன்றும் அதே ஜன்னலில், முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை போல் தொங்குகின்றன. மூன்றாம் முறை அச்சொற்களைக் கேட்பதில்லை என்று அவன் உறுதி பூண்டிருந்தான். ஆகவே இரண்டு பகலும் இரண்டு இரவும் முனகாமல் தள்ளினான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து திரும்புகையில் ஒரு மருந்துக்கடையில் புகுந்து, வலிநீக்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கினான். அங்கிருந்த இளம் மருந்தாளர் அவ்வாயுதத்தை வழங்குமுன் அதன் விதிகளை ஓதினாள்.

“அங்கிள், நல்லா குலுக்கிட்டு, ஒரு பதினஞ்சு சென்டிமீட்டர் தள்ளி வச்சி அடிங்க. முகத்துக்கிட்ட வேணாம். புண்ணு மேல வேணாம். அடிச்ச எடத்துல பெல்ட்டு, கட்டு, சூட்டு பை எதுவும் வைக்கக் கூடாது. கதவு ஜன்னல தொறந்து வச்சிக்கிட்டு அடிங்க. அங்கிள், கேக்குறீங்களா?”

“கேக்குறேன் மா.”

கேட்கவில்லை. மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திவிட்டு வந்த தன் காரை, சம்மன் எழுதும் அதிகாரி ஒருவர் நெருங்குவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு சேர்ந்த வீரன் படுக்கையறையைப் பாசறை ஆக்கினான். நெடி வெளியேறினால் மந்திராலோசனை அம்பலமாகும் என்று கருதி, கதவைப் பூட்டினான், ஜன்னலை இறுக்கினான், கதவிடுக்கில் துண்டைத் திணித்தான். சட்டையை ஒற்றைக் கையால் கழற்றி எறிந்தான். குப்பியை உயர்த்தினான்.

முதற்போர் மேல்வழியே நடந்தது. இடக்கையை வலத்தோளுக்கு மேல் வளைத்து, குப்பியின் வாய் எத்திசை நோக்குகிறது என்பதை அறியாமலே அழுத்தினான். சீறிப் பாய்ந்த தாரை முதுகைக் கடந்து அலமாரிக் கண்ணாடியைத் தாக்கியது. கண்ணாடியிலிருந்த லோகேஸ்வரன் வெண்பனியில் மறைந்தான். இரண்டாம் போர் கீழ்வழியே நடந்தது. வலக்கையைப் பின்னே முறுக்கி மேல்நோக்கி ஏவினான். தாரை இடுப்பை நனைத்தது. எஞ்சியது காதுமடலின் பின்புறத்தைத் தீண்ட, குளிரென்றும் கனலென்றும் கூறவியலாத ஓர் உணர்வு அவனைத் துள்ளவைத்தது. துள்ளியதில் கட்டில் காலில் விரல் இடித்தது. அவ்வோசை கூடத்தை எட்டியது.

“என்னங்க? ரூம்ல என்ன பண்றீங்க?”

“சட்ட மாத்துறேன்!”

“அரை மணி நேரமாவா?”

அப்போதுதான் அவன் உள்ளத்தில் மூன்றாம் வியூகம் உதித்தது. வலியிருக்கும் இடத்துக்கு மருந்து செல்லாதெனின், மருந்திருக்கும் இடத்துக்கு முதுகு செல்லட்டும்! அறையின் நடுவே வான்நோக்கிக் குப்பியை நெடுநேரம் அழுத்தி, கார்கால முகில் ஒன்றை எழுப்பி, அது கலையுமுன் பின்னோக்கி நடந்து அதனுள் புகுந்தான். ஒருமுறை அன்று, நான்குமுறை. முகில் முதுகில் இறங்காமல் மூக்கில் இறங்கியது. கண்கள் அருவியாயின. இருமலை இரு கையாலும் வாய்பொத்தி அடக்கினான். இடுப்பில் பட்ட துளியேனும் வீணாகக் கூடாது என்று, பாரம் தூக்குவோர் அணியும் அகலப் பட்டையை எடுத்து அதன் மேல் இறுகக் கட்டினான். நூறு எண்ணுவதற்குள் பட்டைக்கு அடியில் ஓர் அடுப்பு மூண்டது.

இவ்வாறு அவன் எரிந்துகொண்டிருக்கையில், வெள்ளிக்கிழமை மாலை அவ்வீட்டில் என்ன நிகழும் என்பதை மறந்திருந்தான். கதவிடுக்கின் துண்டையும் தாண்டி ஒரு மணம் வந்தது. சாம்பிராணி! சாமி மேடையில் தொடங்கி, கூடம் கடந்து, அடுப்படி சுற்றி, கனன்று சிவந்த கரித்துண்டுகள் நிறைந்த தூபக்காலை ஏந்தி வாசுகி அறை அறையாக வந்துகொண்டிருந்தாள். இறுதி அறை படுக்கையறை. அதன் இன்னொரு சாவி எப்போதும் அவள் இடுப்பில்.

மறைப்போம் என்று குப்பியைத் தலையணைக்கடியில் திணிக்கக் குனிந்தவனின் கண்ணில், அதன் மேலிருந்த ஒரு சிறு படம் பட்டது. எழுத்துகள் அவனுக்குத் தெரியவில்லை. படத்துக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. சாய்ந்த சதுரம். உள்ளே ஒரு தீச்சுடர். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் லோரியின் பின்புறத்தில் அவன் தினமும் துடைத்த படம் அது. எண்ணெய் நிலையத்தில் சிகரெட் பிடித்தவனை அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது அந்தப் படத்தின் பொருட்டே.

முகில் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. சாவி துளையில் நுழைந்தது.

ஒருபுறம் மூன்று சொற்கள். மறுபுறம் வாசுகியின் கையிலிருந்த நெருப்பு. லோகேஸ்வரன் கணமும் தயங்கவில்லை என்று எழுதவே விரும்புகிறோம். ஒரு கணம் தயங்கினான். பிறகு தாமான் அதிர முழங்கினான்:

“வாசு! நில்லு! நெருப்ப உள்ள கொண்டு வராத! ரூம் பூரா கேஸு!”

சாவி நின்றது. காலடிகள் வாசல்வரை போயின. தூபக்காலைச் சிமெண்டுத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. காலடிகள் வெறுங்கையோடு திரும்பின. கதவு திறந்தது.

“அலாமாக்,” என்றாள் வாசுகி.

விறுவிறுவென்று உள்ளே வந்து ஜன்னலை விரியத் திறந்தாள். கண்ணீர் வழிய, இடுப்பில் பட்டையோடு நின்ற கணவனைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

“முதுகு…” என்றான்.

“தெரியும். ரெண்டு நாளா ஒத்தக் கையால சட்ட மாட்டுறீங்க.”

“தெரிஞ்சும் கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

பட்டையை அவிழ்த்தாள். கீழே தோல் செம்பருத்தி நிறத்தில் ஒரு வளையமாகச் சிவந்திருந்தது. சோப்பு நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தாள். தன் கண்ணாடியை அணிந்து குப்பியின் பொடி எழுத்தை அடி முதல் முடி வரை வாசித்தாள். பிறகு முதுகைப் பார்த்தாள். இத்தனை பெரும்போருக்குப் பின்னும், வலி அமர்ந்திருந்த அந்த மூன்று விரல் நிலத்தில் ஒரு துளியும் விழுந்திருக்கவில்லை.

“செவந்த எடத்துல அடிக்கல. வலிக்கிற எடம் மட்டும். மூச்ச புடிங்க.”

குலுக்கினாள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்தாள். ஒரே முறை அழுத்தினாள். சுருக்கென்ற குளிர் சரியான இடத்தில் இறங்கியது. சட்டையை நோக்கி நீண்ட அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“காயட்டும். திங்கக்கிழமைக்குள்ள கொறையலன்னா கிளினிக்குப் போறோம்.”

இனி வரப்போவது அதுவே என்று அறிந்த லோகேஸ்வரன், தோற்ற மன்னர்க்குரிய அமைதியோடு, வெற்று முதுகை அவள்பால் காட்டி, சுவரில் கண்பதித்து, மெர்சிங்கின் சேற்றுக்கரையும் தங்காக்கின் அரைத்திரையும் மனக்கண்ணில் வரிசையாக எழுந்து நிற்க, அவ்வரிசையில் மூன்றாவதாக வாஷிங் மெஷினும் வந்து நிற்க, அந்த மூன்று சொற்களும் தன் பிடரியில் வந்து விழும் கணத்தை, மூச்சையும் விடாமல், எதிர்நோக்கி நின்றான்.

வாசுகி கை கழுவப் போனாள்.