மூன்று எண்ணி மேலே, ஒன்று எண்ணிக் கீழே

ஆழ்வார்குறிச்சி,
பங்குனி 9, திங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பெங்களூரில் குளிர்ந்த அறையில் வீற்றிருந்து கம்ப்யூட்டர்களை ஆண்டுவரும் என் அருமை மருமகள், சௌபாக்கியவதி ஆகப்போகிற (அல்லது ஆகாமல் போகிற, அது கடைசிப் பக்கத்தில்) சுகன்யாவுக்கு, வண்ணார்பேட்டைத் தனியார் பேருந்துகளை முப்பத்தொரு வருடம் ஒற்றை விசிலால் அதட்டி மேய்த்து ஓய்வுபெற்ற டைம் கீப்பரும், கடந்த மூன்று வாரமாகத் தென்பாண்டிச் சீமையின் ஒரே கோல்ஃப் வீரனுமாகிய உன் தாய்மாமன் கோமதிசங்கர் எழுதிக்கொள்வது. இவ்விடம் உன் அம்மா, முத்துராணி அத்தை, நான், மூவரும் சுகம். என் வலது காது மட்டும் சுகமில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நேற்றிலிருந்து பதினாலு தடவை போன் அடித்து, "மாமா, கண்ணனோட அப்பா என்ன சொன்னாங்க, சரின்னாங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டாய். நானும் பதினாலு தடவை "கடுதாசி வருது" என்று வைத்துவிட்டேன். உன் அம்மா சுடலைவடிவிடமும் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். மூன்று வாரம் நான் பட்ட பாட்டை நீ மூன்று பக்கமாவது பட வேண்டாமா?

நடந்ததை ஒருதரம் நினைத்துப் பார். கட்டினால் கண்ணனைத்தான் கட்டுவேன் என்றாய். பையன் தங்கம், எனக்கும் சம்மதம். அவன், "எங்கப்பா கோல்ஃப் ஆடுவார்" என்று சொன்னானாம். நீ சும்மா இருந்திருக்கலாம். "எங்க மாமாவும்தான்" என்று அடித்துவிட்டாய். அப்பா இல்லாத பிள்ளை, நமக்கும் ஒரு பெரிய மனுஷன் இருக்கான் என்று காட்ட ஆசைப்பட்டிருக்கிறாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஏட்டி, எங்க மாமா நல்லா நீச்சலடிப்பார் என்று சொல்லியிருக்கக் கூடாதா? எங்க மாமா ஒரே உட்காரலில் பதினெட்டு ஆப்பம் சாப்பிடுவார் என்று உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம் கண்ணன் வந்து, "அப்பா பொண்ணு வீட்டுக்கு வரும்போது உங்க மாமாவோட ஒரு ஆட்டம் ஆடிட்டே பேசி முடிக்கணுங்கிறார்" என்று சொன்னதும், நீ எனக்கு ஒரு இரும்பு மட்டையும் மூன்று பந்தும் பார்சலில் அனுப்பி, போனில் ஒரு வீடியோவும் தள்ளிவிட்டு, "மாமா, என் வாழ்க்கை உங்க கையில" என்றாய். பார்சலைப் பிரித்த உன் அத்தை மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முருங்கைக்காய் பறிக்கவா? நுனி வளைவு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

வீடியோவில் ஒரு தொப்பிக்காரர் சொல்லுகிறார்: பலம் முக்கியமில்லை, தாளம்தான் முக்கியம். மட்டை மேலே போகும்போது நிதானமாக மூன்று எண்ணு, இறங்கும்போது ஒன்று எண்ணு. கோபமாக இருந்தாலும் இதே தாளம், சந்தோஷமாக இருந்தாலும் இதே தாளம். ப்பூ, இவ்வளவுதானா என்று மொட்டை மாடிக்குப் போனேன். அங்கேதான் என் முப்பத்தொரு வருட உத்தியோகம் என்னைப் பழிவாங்கியது. மட்டையைத் தூக்கி "ஒன்று" என்று எண்ணுவதற்குள் மண்டைக்குள் விசில் ஊதுகிறது. "ஏ, எடு எடு, பின்னால கடையம் வண்டி நிக்குது!" என்று என் குரலே என்னை விரட்டுகிறது. இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை, மட்டை ஆகாயத்திலிருந்து இடிபோல் இறங்குகிறது. முதல் நாள் அத்தை காயப்போட்ட கூழ்வடகத்தில் பாதி மேலப்பாளையம் திசையில் பறந்தது. அன்றைக்கு வடகம் தின்னாத காக்கை இந்த ஜில்லாவில் இல்லை.

உள்ள மூன்று பந்தைத் தொலைக்கக் கூடாதென்று எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்தேன். அதுதான் நான் செய்த மகா தப்பு. பழம் பறந்துபோய் எதிர்வீட்டு மாரிக்கண்ணு மதினி வாசலில், அதுவும் நடுக்கோலத்தில், பிளந்தபடி விழுந்தது. மறுநாளும் அதே இடம். மூன்றாம் நாள் இரண்டு. (திசை மட்டும் எனக்கு எப்போதும் தவறாது.) விடியும் முன் வாசலில் பிளந்த எலுமிச்சம்பழம் கிடந்தால் நம்ம ஊரில் என்ன நினைப்பார்கள்? மதினி தெருவே கேட்க, "எந்தப் பாவிமட்டையோ எங்களுக்குச் செய்வினை வைக்குதான்!" என்று அலறி, மண்ணை வாரித் தூற்றி, திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு கோடாங்கியையே வரவழைத்துவிட்டாள். அவர் உடுக்கடித்துச் சாமியாடி, "வச்சவன் மேக்கே இருக்கான், இரும்பு கையில வச்சிருக்கான், தலையில முடி கம்மி" என்றார். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டையோடு குத்தவைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து எனக்குக் கோடாங்கிகள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

இனி இங்கன ஆகாது என்று, உன் அம்மாவின் பிசான நெல் அறுப்பு முடிந்த வயலுக்கு ஆழ்வார்குறிச்சி போய்ப் பழகத் தீர்மானித்தேன். மட்டையைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். நம்ம பக்கத்தில் ஒரு மனுஷன் நீளமாக, நுனி வளைந்த சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு முகத்தையும் கடுகடுவென்று வைத்திருந்தால் என்ன நடக்கும்? மூவர் இருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது. ஒரு பெரியவர் மட்டும் அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது என் காதருகில் குனிந்து, "தம்பி, எதுனாலும் பேசித் தீத்துக்கிடலாம், பிள்ளகுட்டி இருக்கும்லா" என்றார்.

வயலில் நம்ம பூதத்தான், உன் அம்மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன், வரப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தான். நான் தரையை எட்டு இடத்தில் பெயர்த்திருந்தேன். பந்து வைத்த இடத்திலேயே தவம் செய்தது.

"அண்ணாச்சி, உழவுக்கு டிராக்டர் சொல்லியாச்சு. நீங்க ஏன் கெடந்து மெனக்கெடுதிய?"

"ஏலே, இது விளையாட்டுலே."

"அப்படியா? மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலயே!"

அவன் சொன்னது நெஞ்சில் தைத்தது. விசில் மட்டும் காரணமில்லை சுகன்யா. குனிந்து பந்தைப் பார்த்தால் பந்து தெரியவில்லை. அதன் மேல் நீ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறாய். தவறிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் சீக்கிரம் அடித்துத் தொலைத்துவிடலாம் என்று கை பறக்கிறது. உங்கப்பா இருந்திருந்தால் இப்படிப் பயந்திருக்க மாட்டார் என்ற நினைப்பு வேறு.

வழி பிறந்தது படித்துறையில். வண்ணார்பேட்டைக்குத் திரும்பி, வழக்கம்போல் காலையில் ஆற்றில் குளித்துவிட்டு எட்டு முழ வேட்டியைக் கல்லில் அடிக்கிறேன். இதை நாற்பது வருடமாகச் செய்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. நனைந்த வேட்டி இருக்கிறதே, அது யாருடைய விசிலுக்கும் கட்டுப்படாது. பையத் தூக்க வேண்டும். தோளைத் தாண்டி அதன் வால் பின்னால் போய்ச் சேரும்வரை பொறுக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரே இறக்கு: தப்! அவசரப்பட்டு முன்னாலேயே இழுத்தால் வால் திரும்பிவந்து காதில் அறையும். தொப்பிக்காரர் வீடியோவில் தொண்டை கிழியச் சொன்னதை என் வேட்டி ஒரே அறையில் சொல்லிக்கொடுத்துவிட்டது. பிறகென்ன, தினம் நூறு அடி. அந்த ஒரு வாரத்தில் வண்ணார்பேட்டையில் என் வேட்டியைப்போல் வெளுத்த பொருள் வேறில்லை. எதிர்க்கரைக் கொக்கெல்லாம் வெட்கப்பட்டு மணிமுத்தாறுக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் மட்டையைக் கையில் எடுத்தால் பத்தில் ஏழுதான் தாளம். மீதி மூன்று பழைய விசில்தான். அந்த மூன்றை நினைத்து உறக்கமில்லை.

நேற்று ஞாயிறு காலை உன் வருங்கால மாமனார் பெருமாள்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து காரில் ஆழ்வார்குறிச்சிக்கு, உன் அம்மா வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் வெள்ளை உறை. அந்த உறையைக் காப்பி குடிக்கும்போதும் கழற்றவில்லை. அடேயப்பா, ஆள் எவ்வளவு ஊறினவர் என்று என் மட்டையைத் துண்டுக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன். வயலுக்குப் போனோம்.

"நீங்க முதல்ல அடிங்க சார்," என்றார்.

"அதெப்படி, விருந்தாளி நீங்க, நீங்கதான்."

"சேச்சே, பொண்ணுக்குத் தாய்மாமன், உங்களுக்குத்தான் முதல் மரியாதை."

அரை மணி நேரம் இதுவே நடந்தது. வெயில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் நான் பந்தை வைத்தேன். குனிந்தால், வழக்கம்போல் நீ உட்கார்ந்திருக்கிறாய். கை பறந்தது, ஒரு பாளம் மண் பெயர்ந்து அவர் தொப்பியில் விழுந்தது. பந்து அசையவில்லை. வரப்பில் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் முகத்தை ராஜா மாதிரி வைத்துக்கொண்டு, "தாளம் பிடிக்காமல் நான் ஆடுவதில்லை" என்று சொல்லி, தோளில் கிடந்த மாற்று வேட்டியை வாய்க்காலில் நனைத்து, துணி துவைக்கிற கல்லில் பத்து அடி அடித்தேன். மூச்சு ஆறியது. மட்டையை எடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. தப்! பந்து எழும்பிப் பூதத்தானின் வைக்கோற்போரைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, பொதிகை மலை முகட்டில் இளைப்பாறிக்கொண்டிருந்த மேகத்தை எழுப்பிவிட்டுப் போனது. (பூதத்தான் அதை வைக்கோற்போருக்கு இந்தப் பக்கமே கண்டெடுத்ததாகச் சொல்லுவான். நம்பாதே.)

பெருமாள்ராஜ் வாயைப் பிளந்து நின்றார். மட்டையைத் தொடவில்லை. "அந்த வேட்டியக் கொஞ்சம் குடுங்க" என்றார். வாங்கி அவசரமாக ஒரு இழுப்பு. காதில் பளார்!

"எய்யா, செத்தேன்!"

கோயம்புத்தூர்ப் பேச்சு போன இடம் தெரியவில்லை. பூர்விகம் திசையன்விளையாம். அதன் பிறகு அவருக்கு நான் "அண்ணாச்சி", எனக்கு அவர் "வே". மத்தியானம் வரை இருவரும் மாறி மாறி வேட்டியைக் கல்லில் அடித்தோம். குதூகலத்தில் தாளம் தப்பி நானும் காதில் ஒன்று வாங்கினேன். "இன்னைக்குத் தாளம் போதும் அண்ணாச்சி, பந்த இன்னொரு நாள் வச்சுக்கிடுவோம்" என்று வாய்க்காலில் காலை நனைத்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எங்க வீட்ல எல்லாருக்கும் அவசரம், எம்மவனுக்கும் அதான். ஒரு காரியத்துக்காக இம்புட்டுப் பொறுமையாப் பாடுபடுத மனுஷன் வளத்த பிள்ள எங்க வீட்டுக்கு வரணும். ஆவணியில வச்சுக்கிடுவோமா?"

உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை, முகம் வேட்டித் தண்ணீரில் நனைந்திருந்தது.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. உன் பொய்யையும் என் வேஷத்தையும் நம்பிச் சம்மதித்துவிட்டுப் போயிருக்கிறார் நல்ல மனுஷன். கண்ணனிடம் உண்மையை நீயே சொல்லிவிடு. இனி இந்த ஜென்மத்தில் அந்த மட்டையை நான் தொடமாட்டேன். அத்தை முருங்கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள். ஒரு வீச்சுக்கு ஒரு காய், தாளம் பிசகுவதே இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தாமிரபரணி வற்றாத காலமெல்லாம் நீயும் அவனும் நிறைந்து வாழ, ஒற்றைக் காது சிவந்த நிலையிலும் இரண்டு கையாலும் ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்,
கோமதிசங்கர்.

பி.கு.: கடுதாசி உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பெருமாள்ராஜ் போன். "அண்ணாச்சி, மனசு கேக்கல. நான் பிறந்ததிலிருந்து கோல்ஃப் மட்டையத் தொட்டதில்ல. பொண்ணோட மாமா பெரிய ஆட்டக்காரர், உங்களோட ஆடணும்னு சொல்லிட்டார்னு கண்ணன் மூணு வாரத்துக்கு முன்னால வந்து நின்னான். அந்தக் கை உறையே கடன் வாங்கினது. கழட்டினா திரும்ப மாட்டத் தெரியாதுன்னுதான் காப்பிக்கும் கழட்டல." நானும் ஒப்புக்கொண்டேன். இருவரும் பத்து நிமிஷம் பேச முடியாமல் சிரித்தோம். ஆகவே மேலே எழுதிய புத்திமதியை அடித்துவிடு. கண்ணனிடம் நீ மட்டும் தனியாக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்; முதலில் யார் பொய் சொன்னது என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள், அதற்கு ஒரு ஆயுசு ஆகும். வெள்ளிக்கிழமை அவர் தனியாக வருகிறார், படித்துறைக்கு. அத்தையிடமிருந்து மட்டையைத் திருப்பி வாங்கிவிட்டேன். கல்யாணத்துக்கு எனக்கும் அவருக்கும் வேட்டி எடுக்கும்போது மெல்லிசாக எடுத்துவிடாதே. நனைந்தால் கனக்க வேண்டும்.